கடைசிப் பத்தியை முதலில் வாசிப்போம்

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில் எங்களுக்கு ஒரு வேலைக்காரன் அறிமுகமானான். அவனுக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. எசமான் தீய எண்ணத்தோடு அடுத்த வீட்டுச் சாளரத்தில் ஏறுகிறான். வேலைக்காரன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறான். இவன் செய்தது பாவமா? எசமானுக்கு அஞ்சிப் பிடித்திருந்தால்? எதற்கு ஏறுகிறான் என்று தெரியாமலே பிடித்திருந்தால்? 1679-ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட், அச்சத்தைக் காரணம் காட்டி அவ்வேலைக்காரனை எளிதாக விடுவித்துவிடும் கருத்தைக் கண்டனம் செய்தார். பின்னர் வந்த புனித அல்போன்ஸ் லிகோரி, தீயவனின் நோக்கத்தோடு மனம் ஒன்றித் துணைபோவது வேறு, மனம் ஒன்றாமல் செயலால் மட்டும் துணைபோவது வேறு என்று நுட்பமாகப் பிரித்துக் காட்டினார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்த வேலைக்காரன் எங்கள் பாடநூல்களில் ஏணியைப் பிடித்தபடியே நிற்கிறான்.

2020 டிசம்பரில் அவனை நான் மறுபடியும் சந்தித்தேன். அம்மாதம் 21-ஆம் நாள், அன்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் என்று வழங்கிய உரோமைத் துறை, கோவிட் தடுப்பூசிகள் சிலவற்றைப் பயன்படுத்துவதன் அறநெறி குறித்து ஒரு குறிப்பை வெளியிட்டது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் டிசம்பர் 17-இல் ஒப்புதல் அளிக்க, பேராயத்தின் தலைவர் கர்தினால் லூயிஸ் லடாரியா கையொப்பமிட்ட ஆவணம் அது. மொத்தம் ஆறு பத்திகள். ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். ஆனால் ஆறாம் பத்தியை நான் வாசிக்க வேண்டியபடி வாசிக்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அத்தாமதத்தின் விலையை என் பங்கில் ஒருவர் கொடுத்தார் என்ற எண்ணம் இன்றளவும் என்னை விட்டு அகலவில்லை. ஆகவே இக்கட்டுரை அக்குறிப்பைப் பற்றிய திறனாய்வு. அதை வாசித்த என்னைப் பற்றிய திறனாய்வும்கூட.

குறிப்பு என்ன சொல்கிறது?

கேள்வி எங்கிருந்து எழுந்தது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் நாட்டில் மிகுதியாகப் போடப்பட்ட கோவிஷீல்டு, மனிதக் கருச் சிறுநீரகத் திசுவிலிருந்து வந்த ஒரு செல் வரிசையைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. அத்திசு 1970-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஓர் ஆய்வகத்திற்குக் கிடைத்தது. அதிலிருந்து பெருகிய செல்களே இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. அவ்வரிசையைத் தொடர வேறு கருவின் திசு தேவைப்படவில்லை. புனேயின் சீரம் நிறுவனம் தன் விவரத்தாளிலேயே இச்செல் வரிசையின் பெயரை அச்சிட்டிருந்தது. ஐதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்த கோவேக்சினுக்கு இச்சிக்கல் இல்லை. அதற்குரிய கிருமியை வளர்க்கப் பயன்பட்டது, 1962-இல் ஜப்பானில் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் வரிசை.

கருக்கலைப்பைத் திருச்சபை என்றும் ஏற்பதில்லை. அப்படியானால் அதிலிருந்து வந்த செல்களின் துணையால் உருவான மருந்தை ஒரு விசுவாசி தன் உடலில் ஏற்கலாமா? குறிப்பின் விடை தெளிவானது. குற்றமற்ற மாற்று மருந்து கிடைக்காதபோதும், எந்த ஊசி என்று தேர்ந்தெடுக்க அதிகாரிகள் மக்களை அனுமதிக்காதபோதும் இவ்வூசியை ஏற்பது அறநெறிப்படி தகும். ஏனெனில் ஊசி போட்டுக்கொள்பவருக்கும் அன்று நிகழ்ந்த தீமைக்கும் இடையிலான தொடர்பு மிகத் தொலைவானது. எதிரே நிற்பதோ உயிரைப் பறிக்கும் பெருந்தொற்று. நம் பாடநூலின் மொழியில் சொன்னால், இவர் ஏணியைப் பிடிக்கவில்லை. ஏணி சாய்த்து வைக்கப்பட்ட தெருவுக்கே இவர் வந்ததில்லை.

அதோடு குறிப்பு நின்றுவிடவில்லை. ஊசியை ஏற்பதால் கருக்கலைப்பை ஏற்றதாகப் பொருளில்லை என்கிறது. குற்றமற்ற முறையில் மருந்து தயாரிக்க நிறுவனங்களையும் அரசுகளையும் தூண்டுகிறது. ஊசி போட்டுக்கொள்வது பொதுவாகக் கட்டாயக் கடமையன்று, அது ஒருவரின் விருப்பத்தோடு நிகழவேண்டும் என்கிறது. அதே மூச்சில், மனச்சான்றின் பெயரால் மறுப்பவர் தம்மால் பிறருக்கு நோய் பரவாதிருக்க முழு முயற்சி எடுக்கக் கடமைப்பட்டவர் என்றும் நினைவூட்டுகிறது. இறுதியாக ஆறாம் பத்தி. பயனும் பாதுகாப்பும் உள்ள தடுப்பூசி மிக வறிய நாடுகளுக்கும், அவற்றுக்குச் சுமையாகாத வகையில், கிடைக்கச் செய்வது மருந்து நிறுவனங்கள், அரசுகள், பன்னாட்டு அமைப்புகள் ஆகியோரின் அறநெறிக் கடமை என்று அது அறிவிக்கிறது. அவ்வாறு கிடைக்காமற்போவது பாகுபாட்டின், அநீதியின் மற்றோர் அடையாளமாகும் என்றும் எச்சரிக்கிறது.

இக்குறிப்பில் நான் முதலாவதாகப் போற்றுவது அதன் நேர்மையை. ஊசிக்கும் அப்பழைய தீமைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லி மக்களை அமைதிப்படுத்தியிருக்கலாம். குறிப்பு அப்படிச் செய்யவில்லை. தொடர்பு உண்டு, அது இவ்வளவுதான், ஆகையால் அஞ்சவேண்டாம் என்கிறது. இந்நேர்மையின் அருமையை உணர நம் தமிழ் வரலாற்றிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. பெரியம்மைத் தடுப்பு முறை 1802-இல் இந்தியாவுக்கு வந்தது. பசுவின் அம்மையிலிருந்து எடுத்ததை உடலில் ஏற்றுவதா என்று மக்கள் தயங்கினர். சென்னையில் பணியாற்றிய எல்லிஸ் துரை, திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து நம் நன்றிக்கு உரியவரான அதே எல்லிஸ், சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதுபோல் தமிழில் ஒரு கதையை எழுதினார். அம்மனே பசுவின் வழியாக இம்மருந்தை அருளினாள் என்பது அதன் சாரம். நோக்கம் நல்லது, உயிர்களைக் காப்பது. ஆயினும் மக்களின் பக்தியைக் கருவியாக்கிப் புனைந்த பொய் அது. உண்மை இரண்டு சொல் கசந்தாலும் அதைச் சொல்லியே மக்களை நம்பவைக்க வேண்டும் என்று உரோமைக் குறிப்பு நமக்குக் கற்பிக்கிறது. நான் அதைக் கற்கவில்லை என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஒத்துழைப்பா, உடந்தையா?

திறனாய்வு என்று வந்தபின் மொழியையும் பார்க்க வேண்டும். கொஆப்பெராத்சியோ என்னும் இலத்தீன் சொல்லை நாங்கள் குருமடத்தில் ‘ஒத்துழைப்பு’ என்றே தமிழில் பெயர்த்துப் பழகினோம். ‘தொலைநிலைப் பொருண்மை ஒத்துழைப்பு’ என்று நீட்டிச் சொன்னால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். 2021 ஜனவரியில் ஒரு ஞாயிறு மறையுரையில் அதே சொற்றொடரை நான் பீடத்திலிருந்து சொன்னேன். முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களின் முகத்தில் எதுவும் அசையவில்லை.

காரணம் இன்று விளங்குகிறது. நம் மக்களுக்கு ஒத்துழைப்பு நல்ல சொல். வாய்க்கால் தூர்வார ஊரே ஒத்துழைக்கிறது. திருவிழாவுக்கு இளைஞர்கள் ஒத்துழைக்கிறார்கள். தீமைக்குத் துணைபோவதற்கு அவர்களிடம் வேறொரு சொல் இருக்கிறது: உடந்தை. களவுக்கு உடந்தை, கொலைக்கு உடந்தை என்றால் எழுத்தறியாதவருக்கும் உறைக்கும். ‘இவ்வூசியைப் போட்டுக்கொள்வதால் அந்தத் தீமைக்கு நீங்கள் உடந்தையாவதில்லை’ என்று ஒரே தொடரில் நான் சொல்லியிருக்கலாம். ஆவணத்தை மக்களிடம் கொண்டுசெல்பவர் அதன் சொற்களை மட்டும் சுமந்து சென்றால் போதாது.

மொழிக்கும் அப்பால் ஒரு குறை உண்டு. 2017 பிப்ரவரியில் தமிழ்நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போடப்பட்டது நினைவிருக்கலாம். ருபெல்லா ஊசிக்குரிய கிருமி, 1960-களில் கருத்திசுவிலிருந்து உருவாக்கப்பட்ட செல் வரிசைகளில் வளர்க்கப்படுவது. வாழ்வுக்கான திருப்பீடக் கழகம் 2005-இலேயே அதைப் பற்றி ஆய்ந்து எழுதியது. ‘மனித மாண்பு’ குறித்து 2008-இல் வெளிவந்த உரோமை அறிவுரையும், பிள்ளைகளின் உடல்நலத்துக்கு ஆபத்து இருக்கும்போது பெற்றோர் அத்தகைய ஊசியைப் போடலாம், ஆயினும் மாற்று மருந்து கேட்டுக் குரலெழுப்ப வேண்டும் என்றது. ஆனால் 2017-இல் நம் பங்குகளில் இக்கேள்வியை எழுப்பிய ஒரு தாயை நான் சந்திக்கவில்லை. அன்று தாய்மார் கேட்டது வேறு: கைப்பேசியில் ஏதேதோ செய்தி வருகிறதே, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா? அக்கேள்விக்குத் திருப்பீட ஆவணங்களில் விடை தேடிப் பயனில்லை. பக்கத்தில் நின்று பேச ஓர் ஆள் தேவைப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் அதுவே நடந்தது.

ஆற்றங்கரையில் கேட்ட கேள்வி

என் பங்கு அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் இடைப்பட்டது. ஒருபுறம் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும். மறுபுறம் வீட்டுத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் பல குடும்பங்களுக்கு அம்முறமே உலைக்கு அரிசி.

2021 மார்ச் முதல் நாள், அறுபது வயது கடந்தோருக்கு ஊசி தொடங்கியது. அடுத்து வந்த ஞாயிறு திருப்பலி முடிந்தபின் ஓர் ஆச்சி கோவில் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கணவரை இழந்தவர், மகள் வழிப் பேத்தியோடு வாழ்ந்தவர்.

“சாமி, ஊசி போட்டா ரெண்டு நாளு காய்ச்சல் அடிக்கும்லா? ரெண்டு நாளு பீடி கொண்டு போவலன்னா கடையில இலை தருவானா?”

“அதெல்லாம் ஒண்ணும் ஆகாது ஆச்சி. தைரியமாப் போங்க.”

இதுதான் நான் தந்த அறநெறி வழிகாட்டுதல். அது உண்மையும் அன்று. காய்ச்சல் பலருக்கு வந்தது, எனக்கே வந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரு நாள் படுக்க முடிந்தது. கோவில்பிள்ளை கஞ்சி வைத்துத் தந்தார். ஆச்சிக்கு யார் தருவார் என்று நான் கேட்கவே இல்லை. எல்லிஸ் துரையின் புனைவைக் குறைசொல்ல எனக்கு என்ன தகுதி? நான் சொன்னதும் நல்ல நோக்கமுள்ள ஒரு சிறு பொய்தான்.

ஏப்ரல் 17-இல் நடிகர் விவேக் மாரடைப்பால் மறைந்தார். அதற்கு இரு நாள் முன்னர்த்தான் அவர் மக்களுக்கு முன்மாதிரியாக ஊசி போட்டுக்கொண்டிருந்தார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். அதை ஆய்ந்த மையக் குழுவும் அவ்வாண்டு அக்டோபரில் அவ்வாறே முடிவுரைத்தது. ஆனால் அவர் நம் தென்சீமையைச் சேர்ந்தவர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அவரைத் தெரியும். அவ்வாரத்தில் எந்தத் திண்ணையிலும் வேறு பேச்சில்லை. ஏப்ரல் 26 முதல் வழிபாட்டிடங்களில் மக்கள் கூடத் தடை வந்தது. மறையுரை சொல்ல எனக்கும் வாய்ப்பில்லை. கேட்க ஆச்சிக்கும் வழியில்லை.

மே மாதம் எத்தகைய மாதம் என்று உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மகேந்திரகிரி விண்வெளி மையத்தின் ஆக்சிஜன் திருநெல்வேலி மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த நாள்கள் அவை. ஆச்சி அம்மாதத்தில் இறந்தார். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அதை அறிபவர் இறைவன் ஒருவரே. அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார், நான் அதைக் கேட்கவில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன்.

அந்தக் கேள்வியில் கருத்திசு இல்லை, செல் வரிசை இல்லை. ஆனால் அது முழுக்க முழுக்க அறநெறிக் கேள்வி. தன் உடல்நலத்துக்கும் பேத்தியின் உணவுக்கும் இடையே ஒருவரை நிறுத்துவது நீதியா என்பதே அதன் பொருள். குருமடத்தில் பயின்ற எனக்கு அதை அடையாளம் காணத் தெரியவில்லை.

ஆறாம் பத்தி

குறிப்பு வெளிவந்தபோது உலகச் செய்தித்தாள்கள் எதைத் தலைப்பாக்கின? கருக்கலைப்புச் செல் கொண்ட ஊசிக்கு வத்திக்கான் அனுமதி என்பதையே. முதல் மூன்று பத்திகள் ஊர் ஊராகப் போயின. ஐந்தாம் பத்தியின் ‘கட்டாயமில்லை’ என்பதை எடுத்துக்கொண்டவர்கள், அதன் பிற்பாதியிலிருந்த கடமையை விட்டுவிட்டார்கள். ஆறாம் பத்தியைப் பேசியவர் சிலரே. நானும் பேசவில்லை.

பத்திரிகையாளர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. ஆவணத்தின் அமைப்பும் அதற்கு இடம்கொடுக்கிறது. தனிமனிதர் தம் மனச்சான்றில் சந்திக்கும் ஐயத்துக்கு மூன்று பத்தி, நுட்பமான பகுப்புகளோடு. கோடிக்கணக்கானோர் வரிசையிலேயே இடம் பெறாத நிலைக்கு ஒரு பத்தி, பகுப்பு எதுவுமின்றி. செய்யும் பாவத்தை அளக்க நம் மரபில் எத்தனையோ அளவுகோல்கள்: அண்மை, தொலைவு, மனம், பொருள். செய்யாமல் விடும் பாவத்தை அளக்க எத்தனை? ஒவ்வொரு திருப்பலியிலும் கடமையில் தவறியதையும் சேர்த்தே மார்பில் தட்டி அறிக்கையிடுகிறோம். ஏணி பிடித்தவனைப் பற்றி எவ்வளவோ எழுதினோம். ஏற வேண்டியவருக்கு ஏணி பிடிக்காமல் நின்றவரைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை.

உரோமை இக்குறையை அறியாமல் இல்லை. எட்டே நாளில், 2020 டிசம்பர் 29-இல், வத்திக்கானின் கோவிட் ஆணையமும் வாழ்வுக்கான திருப்பீடக் கழகமும் சேர்ந்து ‘எல்லாருக்கும் தடுப்பூசி’ என்னும் பொருளில் இருபது கருத்துகள் கொண்ட ஆவணத்தை வெளியிட்டன. உற்பத்தி, காப்புரிமை, விலை, வழங்கல் அனைத்தையும் அது பேசியது. 2021 ஜனவரியிலேயே உரோமைத் தெருக்களில் வாழும் வீடற்றோருக்கு வத்திக்கானில் ஊசி போடப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதை ஆதரித்துப் பேசினார். இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே உலக வணிக அமைப்பிடம் இதைக் கேட்டிருந்தன. வணிக அமைப்பு 2022 ஜூன் 17-இல்தான் ஒரு குறுகிய முடிவுக்கு வந்தது. அதற்குள் புதைக்க வேண்டியவர்களைப் புதைத்து முடித்திருந்தோம்.

இங்கே நம் நாட்டைப் பற்றியும் மறைக்காமல் பேச வேண்டும். ஆறாம் பத்தியில் இந்தியா இரு இடத்தில் நிற்கிறது. ஊசி கேட்கும் வறியோரின் நாடு அது. உலகுக்கு ஊசி தயாரிக்கும் நாடும் அதுவே. 2021 வசந்தத்தில் இரண்டாம் அலை எழுந்தபோது ஏற்றுமதியை நிறுத்தினோம். நம் வீட்டில் தீப்பிடித்திருந்தது. வேறு வழி அரிது என்பதை நான் ஏற்கிறேன். ஆயினும் நம்மை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் பல மாதங்கள் வெறுங்கையோடு நின்றன. அம்மக்களும் நம் அயலார்.

இனி, ஆறாம் பத்தியோடு என் உண்மையான கருத்து வேறுபாடு. அது ‘வறிய நாடுகள்’ என்கிறது. ஆனால் செல்வத்துக்கும் வறுமைக்கும் இடையிலான கோடு நாடுகளின் எல்லையில் மட்டுமா ஓடுகிறது? 2021 மே முதல் நாள் பதினெட்டு வயது கடந்தோருக்கு ஊசி அறிவிக்கப்பட்டபோது இணையத்தில் முன்பதிவு செய்தே வரவேண்டும் என்றார்கள். அந்தத் தளத்தில் தமிழ் சேர்ந்ததே ஜூன் மாதத்தில். தனியார் மருத்துவமனைகளுக்குக் கோவிஷீல்டு 600 ரூபாய், கோவேக்சின் 1,200 ரூபாய் என்று நிறுவனங்கள் விலை அறிவித்திருந்தன. அரசு மையத்தில் இலவசம். ஆனால் அங்கே ஊசி தீர்ந்துபோன நாள்கள் பல. கணினியும் கைப்பேசியும் இல்லாதவர் எப்படிப் பதிவு செய்வார் என்று உச்ச நீதிமன்றமே மே 31-இல் கேட்டது. ஜூன் 21 முதல் மைய அரசு ஊசியைத் தானே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கியது. பாளையங்கோட்டையில் விரல் நுனியில் பதிவு செய்தவரும், பாபநாசம் மலையில் காரையாறு அணையைப் படகில் கடந்து காட்டுவழி நடந்தால்தான் எட்டக்கூடிய இஞ்சிக்குழிக் காணி மக்களும் ஒரே மாவட்டத்தவர்.

மற்றொன்று: ஆறாம் பத்தி நிறுவனங்களையும் அரசுகளையும் பன்னாட்டு அமைப்புகளையும் அழைக்கிறது, பங்கை அழைக்கவில்லை. கடமை மேலே உள்ளவர்களுடையது என்று வாசித்துவிட்டு நான் தாளை மடித்து வைத்தது அதனால்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேனோ? இருக்கலாம். ஆனால் அப்பட்டியலில் நான்காவதாக ஒரு சொல் இருந்திருந்தால் என்னைப் போன்றோர் பலருக்கு உதவியிருக்கும்.

ஐந்தாம் பத்தியின் ‘விருப்பம்’ என்பதையும் இவ்வெளிச்சத்திலேயே காண வேண்டும். யாரையும் வலிந்து ஊசி ஏற்கச் செய்யலாகாது என்று நம் உச்ச நீதிமன்றமும் 2022 மே 2-இல் தீர்ப்பளித்தது. குறிப்பின் நிலையும் அதுவே. நன்று. எனினும் இரு நாள் கூலி இழக்க இயலாதவர் ஊசி மறுத்தால் அதை அவரது விருப்பம் என்று எழுதிவிடலாமா? தேர்ந்தெடுக்க இயலும் நிலையில் இருப்பவருக்கே விருப்பம் என்னும் சொல் பொருந்தும்.

இரண்டு நாள் அரிசி

2021 செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாட்டில் முதல் மாபெரும் தடுப்பூசி முகாம் நடந்தது. அதற்கு முந்திய வாரங்களில்தான் எங்கள் பங்கில் ஏதோ தொடங்கினோம். இளைஞர் எழுவர் வீடு வீடாகச் சென்றார்கள். ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லக் கூடாது என்பதே நான் இட்ட ஒரே விதி. காய்ச்சல் வரலாம், ஓரிரு நாளில் தணியும், தணியாவிட்டால் இந்த எண்ணில் எங்களைக் கூப்பிடுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார், ஊசி போட்டு வேலைக்குப் போக இயலாத வீட்டுக்கு இரண்டு நாள் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். பீடிக்கடைக்காரர் ஒருவரிடம் சபைத் தலைவரே போய்ப் பேசினார். இரண்டு நாள் பிந்தினாலும் இலை தருவதாக அவர் ஒப்புக்கொண்டார். மதம் கேட்காமல் எல்லா வீட்டுக்கும் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முகாமில் ஒரு தடை இருந்தது. கறி தின்றால், குடித்தால் அன்று ஊசி ஆகாது என்றொரு நம்பிக்கை பரவியிருந்தது. ஞாயிறன்று கறி எடுக்காத வீடு நம்மில் எத்தனை? அரசும் இதை அறிந்து அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றியது. அதைச் செய்தித்தாளில் கண்டபோது நான் சிரிக்கவில்லை. மக்கள் எங்கே நிற்கிறார்களோ அங்கிருந்து தொடங்குவது என்பதை ஓர் அரசுத் துறை எனக்கு முன்னே கற்றுக்கொண்டிருந்தது.

இரண்டு நாள் அரிசி எந்த ஆவணத்திலும் இல்லை. ஆனால் ஆறாம் பத்தியின் தமிழாக்கம் என்று எதையேனும் காட்டச் சொன்னால் நான் அதையே காட்டுவேன். அது ஆச்சிக்குப் பிந்தி வந்தது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகளாகக் கிடந்த ஒருவரைச் சந்திக்கிறோம். தண்ணீர் கலங்கும்போது முதலில் இறங்குபவர் நலமடைவார் என்பது அங்கிருந்தோரின் நம்பிக்கை. தன்னை இறக்கிவிட ஆளில்லை, தான் போவதற்குள் வேறொருவர் இறங்கிவிடுகிறார் என்று அவர் ஆண்டவரிடம் முறையிடுகிறார். இப்பகுதியை முப்பதாண்டுக்கும் மேலாக நான் வாசித்துவருகிறேன். விசுவாசம் பற்றியும் ஓய்வுநாள் பற்றியும் மறையுரை சொல்லியிருக்கிறேன். இணையத்தில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடங்கள் நிறைந்துபோன அந்த மே மாதத்தில்தான் அவருடைய முறையீடு என் காதில் விழுந்தது. குளத்து நீர் தூயதா, அது எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. அக்கேள்விகளும் தேவையே, அவற்றுக்கு விடையிறுக்கக் கற்றோர் வேண்டும், உரோமை வேண்டும். அவர் சொன்னதோ, எனக்கு ஆளில்லை என்பது மட்டுமே.

இன்னொரு பெருந்தொற்று என்றேனும் வரலாம். அப்போது உரோமையிலிருந்து மீண்டும் ஒரு குறிப்பு வரும். அதிலும் கடைசியில் இப்படியொரு பத்தி இருக்கும். அன்று இவ்வாலயத்தில் பங்குத்தந்தையாக இருப்பவர் அப்பத்தியை முதலில் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும், பீடத்தில் ஏறுமுன், பங்கின் குடும்ப அட்டையை எடுத்துத் தனியே வாழும் முதியோர் எத்தனை பேர் என்று எண்ணட்டும். நான் அன்று எண்ணவில்லை. இப்போது எண்ணி வைத்திருக்கிறேன்: எங்கள் சிறு பங்கில் நாற்பத்தொரு பேர்.